விரதமும் குடல் நுண்ணுயிரிகளும்: பட்டினி என்ன செய்கிறது, நோன்பு முடிக்கும் உணவு என்ன செய்கிறது?

பதிவு 1 | வைகைக்கரையான்

அன்பர்களுக்கு வணக்கம். ஏகாதசி, சஷ்டி, கார்த்திகை என்று விரதம் இருக்கும் குடும்பம் எங்களுடையது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்த பிறகும் அவர் ஏகாதசியை விட்டதில்லை. அண்மைக் காலமாக உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கருத்து திரும்பத் திரும்ப வருகிறது. பட்டினி கிடந்தால் குடலில் உள்ள கெட்ட கிருமிகள் செத்துவிடும், நல்லவை மட்டும் மிஞ்சும், அதனால் சர்க்கரையும் கொழுப்பும் ரத்த அழுத்தமும் தாமாகவே குறைந்துவிடும் என்கிறார்கள். என் அக்கா மகன் காலை உணவை விட்டுவிட்டு, நண்பகல் முதல் இரவு எட்டு மணி வரை மட்டுமே உண்கிறான். கேட்டால் அவனும் இதே காரணத்தைத்தான் சொல்கிறான்.

விரதத்தின் ஆன்மிகப் பயனைப் பற்றி நான் இங்கே கேட்கவில்லை. அது அவரவர் நம்பிக்கை. நான் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான்: உணவு உள்ளே போகாத நேரத்தில் குடலில் வாழும் நுண்ணுயிரிகள் உண்மையிலேயே மாறுகின்றனவா? மாறுகின்றன என்றால், அந்த மாற்றம்தான் சர்க்கரையையும் அழுத்தத்தையும் குறைக்கிறதா, அல்லது எடை குறைவதால் வரும் நன்மையை நாம் கிருமிகளின் கணக்கில் எழுதிக்கொள்கிறோமா? ஆய்வுகளைப் படித்தவர்கள், எலிகளிடம் கண்டதையும் மனிதர்களிடம் கண்டதையும் தனித்தனியாகப் பிரித்துச் சொன்னால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதிவு 2 | நுண்ணோக்கி

வணக்கம் ஐயா. நான் நுண்ணுயிரியல் படித்து, ஆய்வுக்கூடத்தில் பணிபுரிபவள். உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு மட்டும் இப்போது விரிவாக எழுதுகிறேன்.

நம் உடலில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016ஆம் ஆண்டில் வெளியான கணக்கீடு கூறுகிறது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. நாம் உண்பவற்றுள் மாவும் சர்க்கரையும் கொழுப்பும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. பெருங்குடல் வரை போய்ச் சேர்வது, நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தும் செரிக்காமல் எஞ்சிய மாவுப் பொருளும்தான். பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்கச் செய்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களைத் தயாரிக்கின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் தமக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதியைப் பியூட்டிரேட்டிலிருந்தே பெறுகின்றன. பசியையும் இன்சுலின் சுரப்பையும் சீர்ப்படுத்தும் குடல் ஹார்மோன்களையும் இந்த அமிலங்கள் தூண்டிவிடுகின்றன. குடல் கிருமிகளுக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பைப் பேசுவோர் முதலில் குறிப்பிடும் வழி இதுதான்.

உணவு நின்றதும் நடப்பதைப் பாருங்கள். சிறுகுடலில், உண்ட உணவு செரித்து முடிந்தபின், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வலுவான அசைவலை ஒன்று எழுந்து, எஞ்சிய துகள்களையும் அங்கே தேங்கும் பாக்டீரியாக்களையும் கீழே தள்ளிக்கொண்டு போகிறது. வயிறு காலியாக இருக்கும்போது கேட்கும் உறுமலுக்கு இந்த அலையும் ஒரு காரணம். ஓயாமல் கொறித்துக்கொண்டிருந்தால் இந்த அலைக்கு இடமே கிடைக்காது. வேளைக்கும் வேளைக்கும் இடையில் வயிற்றைச் சும்மா விடுவதால் வரும் நன்மைகளில், எனக்கு ஐயமே இல்லாத ஒன்று இது.

பெருங்குடலின் நிலை வேறு. அங்கே நார்ச்சத்து வராமல் போனால், நாரை மட்டுமே நம்பி வாழும் இனங்கள் குறைகின்றன. ஆனால் குடற்சுவரின் மேல் நம் உடலே சுரக்கும் சளிப்படலத்தை உண்ணத் தெரிந்த இனங்களுக்கு அப்போதும் உணவு இருக்கிறது. அவற்றில் முதன்மையானது, நெதர்லாந்தில் பிரித்தெடுக்கப்பட்டு 2004ஆம் ஆண்டில் பெயர் சூட்டப்பட்ட அக்கர்மான்சியா முசினிபிலா. ஆகவே பட்டினியில் மிஞ்சுபவை ‘நல்லவை’ அல்ல. நம் உடலையே உணவாகக் கொள்ளத் தெரிந்தவை. அவற்றுள் நமக்கு உதவுவனவும் உண்டு, உதவாதனவும் உண்டு.

இதற்கு நல்ல சான்று ஜெர்மனியின் புக்கிங்கர் முறை நோன்பைப் பற்றி 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு. நலமாக இருந்த 15 ஆண்கள், நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 கலோரி அளவுக்குப் பழச்சாறும் காய்கறிச் சாறும் மட்டும் அருந்தி, 10 நாள்கள் இருந்தார்கள். அவர்களிடம் பியூட்டிரேட் தயாரிக்கும் லாக்னோஸ்பைரேசியே, ருமினோகாக்கேசியே குடும்பங்கள் குறைந்தன. பேக்டீராய்டீட்ஸ் பிரிவும், ஈ.கோலை உள்ளிட்ட புரோட்டியோபாக்டீரியா பிரிவும் கூடின. வாட்ஸ்அப் செய்தியின்படி பார்த்தால் இது தலைகீழாக அல்லவா இருக்கிறது? வழக்கமான உணவுக்குத் திரும்பி 3 மாதம் கழித்துப் பார்த்தபோது எல்லாம் ஏறத்தாழப் பழைய நிலைக்கே வந்திருந்தன.

வாரக்கணக்கில் உண்ணாமல் கிடக்கும் பர்மிய மலைப்பாம்பின் குடலிலும், உறக்கநிலையில் குளிர்காலத்தைக் கழிக்கும் தரை அணிலின் குடலிலும் இதே போக்கைக் கண்டிருக்கிறார்கள். பட்டினியில் அக்கர்மான்சியாவும் பேக்டீராய்டீட்ஸும் ஓங்குகின்றன; இரை உள்ளே போனதும் நிலை மாறிவிடுகிறது.

பதிவு 3 | எண்ணெழுத்து

நுண்ணோக்கி அவர்களின் விளக்கத்தை ஏற்கிறேன். ஆனால் இத்தகைய ஆய்வுகளைப் படிக்கும்போது மனத்தில் வைக்க வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது; புள்ளியியல் பயிற்றுவிக்கும் எனக்கு அதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை.

மலத்திலுள்ள மரபணுத் துண்டுகளைப் படிக்கும் முறை, ஒவ்வோர் இனமும் மொத்தத்தில் எத்தனை விழுக்காடு என்பதைத்தான் சொல்கிறது. எத்தனை பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்று சொல்வதில்லை. நூறு பாக்டீரியாக்களில் மூன்று அக்கர்மான்சியா இருந்ததாக வைத்துக்கொள்வோம். பட்டினியில் மற்றவை பாதியாகிவிட, அக்கர்மான்சியா அந்த மூன்றாகவே நின்றால்கூட, அறிக்கையில் அது மூன்று விழுக்காட்டிலிருந்து ஏறக்குறைய ஆறு விழுக்காடாக உயர்ந்துவிடும். ‘நல்ல கிருமி இரண்டு மடங்காகப் பெருகியது’ என்று தலைப்பு வந்துவிடும். பெருகியது ஒன்றுமே இல்லை. மொத்த எண்ணிக்கையையும் சேர்த்து அளக்கும் முறையைப் பெல்ஜியத்தின் லூவன் ஆய்வாளர்கள் 2017ஆம் ஆண்டிலேயே முன்வைத்தார்கள். ஆயினும் விரதம் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை இன்னும் விழுக்காட்டோடு நின்றுவிடுகின்றன.

மலம் குடலில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைப் பொறுத்தும் இந்த விழுக்காடுகள் மாறும். விரத நாளில் மலச்சிக்கல் வருவது இயல்பு. அப்படியானால் நாம் அளப்பது விரதத்தையா, மலச்சிக்கலையா? வீட்டுக்கே பெட்டி அனுப்பி, மல மாதிரி வாங்கி, ‘உங்கள் குடல் மதிப்பெண்’ என்று அறிக்கை தரும் வணிகச் சோதனைகளை நம்பி யாரும் விரதத்தைத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதிவு 4 | காயல்வாசி

அஸ்ஸலாமு அலைக்கும். அனைவருக்கும் வணக்கம். ரமலான் நோன்பை வைத்து நடந்த ஆய்வுகளில் அக்கர்மான்சியா கூடியதாகப் படித்திருக்கிறேன். நாங்கள் வைகறைக்கு முன் உண்ணும் சஹர் உணவை முடித்த பிறகு, சூரியன் மறையும் மஃரிப் நேரம் வரை தண்ணீர்கூட அருந்துவதில்லை. ஆனால் இரவில் உண்கிறோம். இதை, சாறு மட்டும் அருந்திப் பத்து நாள் இருந்த ஜெர்மானியர்களோடு ஒன்றாக வைத்துப் பேசலாமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் பள்ளிவாசலில் மாலைத் தொழுகையான அஸருக்கு முன்பே நோன்புக் கஞ்சி அடுப்பில் ஏறிவிடும். பச்சரிசியும் பாசிப்பருப்பும் ஒன்றாக வேகும்; வெந்தயத்தை அரிசியோடே போட்டு விடுவார்கள். உரித்த பூண்டு, இஞ்சி விழுது, புதினா, மல்லித்தழை, கடைசியில் தேங்காய்ப்பால். கரண்டியை எடுத்தால் கஞ்சி நூலாக இழையும் பக்குவத்தில் இறக்குவார்கள். வெந்தயம் கரைந்து தரும் வழவழப்பு அது. அந்தக் கஞ்சியோடும் இரண்டு பேரீச்சம்பழத்தோடும் நோன்பு திறந்துவிட்டுத் தொழப் போன காலம் ஒன்று இருந்தது. இப்போது பல வீடுகளில் கஞ்சி ஒரு சிறு கிண்ணம். அதைச் சுற்றிச் சமோசா, கட்லெட், பஜ்ஜி, ரோஸ் மில்க். நோன்பு மாதத்தில் எடை கூடிவிட்டது என்று சொல்பவர்களை எனக்கு நிறையவே தெரியும். நோன்பு ஒன்றுதான், திறக்கும் தட்டு வேறாகிவிட்டது. கிருமிகளுக்கு இந்த வேறுபாடு தெரியுமா என்பதே என் கேள்வி.

பதிவு 5 | நுண்ணோக்கி

வ அலைக்கும் அஸ்ஸலாம், சகோதரரே. இரண்டு நோன்பையும் ஒன்றாகப் பேசக் கூடாது. நீங்கள் கேட்டது மிகச் சரி. துருக்கியில் நடந்த ரமலான் ஆய்வில் அக்கர்மான்சியாவும் பேக்டீராய்டஸ் ஃப்ராஜிலிஸ் கூட்டமும் கூடியிருந்தன. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் 9 பேர் மட்டுமே. நண்பர் எண்ணெழுத்து எழுப்பிய ஐயம் அதற்கும் பொருந்தும். 2021ஆம் ஆண்டில் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட ரமலான் ஆய்வில், லாக்னோஸ்பைரேசியே குடும்பம் நோன்பு மாதத்தில் பெருகி, நோன்பு முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பியது. அதே குடும்பம்தான் புக்கிங்கர் நோன்பில் குறைந்தது என்பதைக் கவனியுங்கள். பகலெல்லாம் பட்டினி கிடந்தாலும் இரவில் நாருள்ள உணவு போய்ச் சேர்ந்துவிட்டால் இந்தக் குடும்பம் தாக்குப்பிடிக்கிறது. நாள்கணக்கில் நார் வராவிட்டால் தளர்ந்துபோகிறது. இப்படித்தான் நான் இந்த முரண்பாட்டைப் புரிந்துகொள்கிறேன்.

இங்கே நேரம் என்னும் இன்னொரு காரணியும் இருக்கிறது. குடல் நுண்ணுயிரிகளுக்கும் ஒரு நாள்வட்டம் உண்டு என்பதை 2014ஆம் ஆண்டில் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனமும் கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனமும் சுண்டெலிகளிடம் தனித்தனியே காட்டின. சில இனங்கள் பகலில் ஓங்கி இரவில் தாழும். சில இரவில் ஓங்கும். உடற்கடிகார மரபணு இல்லாத எலிகளிடம் இந்த ஏற்றத்தாழ்வு மறைந்துவிட்டது. குறித்த நேரத்தில் மட்டும் உணவு வைத்தபோது திரும்பி வந்தது. அதாவது கிருமிகளுக்குக் கடிகாரம் காட்டுவது நாம் உண்ணும் வேளை. வைஸ்மன் குழு, அமெரிக்காவிலிருந்து இஸ்ரேலுக்குப் பறந்த இருவரின் மலத்தைக் கிருமியற்ற எலிகளுக்கு மாற்றியும் பார்த்தது. நேரம் குழம்பிய நாள்களில் எடுத்த மாதிரியைப் பெற்ற எலிகள் கூடுதலாகக் கொழுத்தன. இருவரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. ஆனால் கேள்வி சரியான இடத்தில் கேட்கப்பட்டிருக்கிறது.

வைகைக்கரையான் ஐயா, உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு எலிகளிடம் ‘ஆம்’ என்ற விடை இருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பட்டினி போட்ட எலிகளின் வெள்ளைக் கொழுப்பு, வெப்பத்தை வெளியிடும் பழுப்புத் தன்மை பெறுவதை 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கண்டது. குடல் கிருமிகளை நீக்கிய எலிகளிடம் இந்தப் பயன் கிட்டவில்லை. பட்டினி கிடந்த எலிகளின் கிருமிகளை மாற்றிக் கொடுத்தபோது, பட்டினி கிடக்காத எலிகளிடமும் அது தோன்றியது. ஆனால் சுண்டெலி ஒரு நாள் உண்ணாவிட்டால் தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் இழந்துவிடும். மனிதனின் ஒரு நாள் விரதத்துக்கு அது எவ்வகையிலும் ஈடாகாது.

மனிதர்களிடம் நடந்தவற்றுள் நான் மிகவும் மதிப்பது, பெர்லினில் நடந்து 2021ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு. உயர் ரத்த அழுத்தத்தோடு வளர்சிதை மாற்றக் கோளாறும் உடைய 71 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் 5 நாள் சாறு நோன்பு இருந்துவிட்டு, 3 மாதம் காய்கனியும் முழுத்தானியமும் மிகுந்த, உப்புக் குறைந்த உணவை உண்டார்கள். மற்றவர்கள் நோன்பில்லாமல் அதே உணவை உண்டார்கள். 3 மாத முடிவில் நோன்பிருந்தவர்களின் ரத்த அழுத்தமும் எடையும் குறைந்திருந்தன. அழுத்த மாத்திரையின் தேவையும் குறைந்தது. நோன்பின்போது பியூட்டிரேட் தயாரிப்பவை சரிந்தன. நல்ல உணவு வந்த பிறகு மீண்டன. நோன்புக்கு முன்பே ஒருவருடைய குடலில் இருந்த கிருமிகளின் அமைப்பைக் கொண்டு, யாருக்கு அழுத்தம் குறையும் என்று ஓரளவுக்கு முன்கூட்டிச் சொல்லவும் முடிந்தது. ஒரே விரதம் ஒருவருக்குப் பலித்து, இன்னொருவருக்குப் பலிக்காமல் போவதற்கு இங்கே ஒரு விளக்கம் கிடைக்கலாம் என்று நினைக்கிறேன்.

பதிவு 6 | பொருநை மருத்துவர்

வணக்கம். சர்க்கரை நோய்ப் பிரிவில் பணிபுரிகிறேன். கிருமிகளைப் பற்றிச் சகோதரி சொல்லிவிட்டார். உடலில் தெரியும் பலனைப் பற்றி நான் சொல்கிறேன்.

வைகைக்கரையான் ஐயாவின் அக்கா மகன் பின்பற்றும் அதே நேர அட்டவணையை, நண்பகல் முதல் இரவு எட்டு வரை என்ற அதே வரம்போடு, அமெரிக்காவில் 116 பேரிடம் 12 வாரம் சோதித்து 2020ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். நேர வரம்போடு உண்டவர்கள் 0.94 கிலோ குறைந்தார்கள். வழக்கம்போல் மூன்று வேளை உண்டவர்கள் 0.68 கிலோ குறைந்தார்கள். இது கணக்கில் கொள்ளத்தக்க வேறுபாடு அன்று. சர்க்கரை, இன்சுலின் அளவுகளிலும் பெரிய மாற்றம் இல்லை. குறைந்த எடையிலும் கொழுப்பல்லாத தசைப் பகுதி கணிசமாக இருந்தது என்பது எனக்குக் கவலை தந்த செய்தி. சீனாவின் குவாங்சோவில் 139 பேரிடம் 12 மாதம் நடந்த ஆய்வில் இரு பிரிவினருக்கும் ஒரே கலோரி வரம்பு; ஒரு பிரிவு மட்டும் காலை எட்டு முதல் மாலை நான்கு மணிக்குள் உண்டது. அவர்கள் 8 கிலோவும் மற்றவர்கள் 6.3 கிலோவும் குறைந்தார்கள். அந்த வேறுபாடும் புள்ளியியலின்படி உறுதியானதன்று. எவ்வளவு உண்கிறோம் என்பதே எடையைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

எடையைக் குறைக்காமலேயே நேரம் மட்டும் உதவுமா என்று கேட்டால், உதவக்கூடும் என்பதற்கு ஒரு சிறு சான்று உண்டு. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 8 ஆண்களை, அலபாமா பல்கலைக்கழகத்தில் 5 வாரம், கடைசி உணவைப் பிற்பகல் மூன்று மணிக்குள் முடிக்கச் செய்தார்கள். எடை குறையாத அளவுக்கு உணவும் கொடுத்தார்கள். இன்சுலின் வேலை செய்யும் திறன் மேம்பட்டது, ரத்த அழுத்தமும் குறைந்தது. நம் உடல் மாவுச்சத்தைக் காலையில் நன்றாகக் கையாள்கிறது. இரவு ஏற ஏறத் தடுமாறுகிறது. ஆகவே காலை உணவை விட்டு இரவில் நிறைய உண்பதைவிட, இரவு உணவை முன்னுக்குக் கொண்டுவருவது நல்லது என்றே என்னிடம் வருபவர்களுக்குச் சொல்கிறேன். அலுவலகம் விட்டு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் பிள்ளைகளிடம் இதைச் சொல்வது எளிதன்று என்பதும் எனக்குத் தெரியும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆய்வுக் குழு 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, மேலும் 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் நிற்கிறார்கள். இவ்வளவு பேர் இருக்கும் நாட்டில், ‘பட்டினி கிடந்தால் போதும், கிருமி பார்த்துக்கொள்ளும்’ என்ற சொல் எத்தனை பேரை மாத்திரையை நிறுத்த வைக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பதிவு 7 | துளசிமாடம்

எல்லோரும் எழுதியதை நிதானமாகப் படித்தேன். நுண்ணோக்கி அம்மா, பட்டினியின்போது கிருமிகள் நம் குடலின் சளிப்படலத்தையே உண்ணும் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் சற்று அச்சமாகிவிட்டது. மாதம் இரண்டு ஏகாதசி இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அதனால் தீங்கு வருமா?

எங்கள் வீட்டு வழக்கத்தையும் சொல்கிறேன், உங்கள் கருத்தை அறிய வேண்டும். ஏகாதசிக்கு மறுநாளான துவாதசியன்று பொழுது விடிந்ததும் பாரணை, அதாவது விரதம் முடிக்கும் உணவு. அகத்திக்கீரையை முதல்நாள் மாலையே காம்பு நீக்கி ஆய்ந்து, ஈரத்துணியில் சுற்றி வைத்துவிடுவோம். விடியலில் அதைப் பொடியாக அரிந்து, வேக வைத்த பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்துப் பொரியல். நெல்லிக்காய்ப் பச்சடி, நெய்யில் வறுத்த சுண்டைக்காய், புளி சேர்க்காத பொரித்த குழம்பு. முதல் வாய் கசப்பும் துவர்ப்புமாகத்தான் இருக்கும். குழந்தைகள் முகம் சுளிப்பார்கள். அன்று பகலில் மாமியார் பெரிதாக வேறொன்றும் உண்ணவிட மாட்டார்.

ஆனால் ஏகாதசியன்று அரிசிதானே கூடாது என்று, ஜவ்வரிசி உப்புமா, உருளைக்கிழங்கு வறுவல், அவல் கேசரி என மூன்று வேளையும் பலகாரமாக உண்பவர்களும் எங்கள் உறவில் இருக்கிறார்கள். அதற்கும் விரதம் என்றுதான் பெயர்.

பதிவு 8 | நுண்ணோக்கி

அம்மா, அஞ்ச வேண்டாம். சளிப்படலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருப்பது. அக்கர்மான்சியா மேற்புறத்தைத் தின்னும்போது குடல் புதிதாகச் சுரந்து ஈடுகட்டிக்கொள்ளும். அந்தக் கொடுக்கல் வாங்கல் அளவோடு நடந்தால் படலம் வலுப்படவே செய்கிறது என்று கருதுகிறார்கள். வெப்பத்தால் செயலிழக்கச் செய்த அக்கர்மான்சியாவை உடல் பருத்தவர்களுக்கு 3 மாதம் கொடுத்துப் பார்த்த பெல்ஜிய ஆய்வில், 2019ஆம் ஆண்டு, இன்சுலின் திறன் மேம்பட்டதும் தெரியவந்தது.

தீங்கு எங்கே தொடங்குகிறது என்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட எலி ஆய்வு காட்டுகிறது. மனிதக் குடலில் வாழும் 14 இனங்களை மட்டும் குடியேற்றிய எலிகளுக்கு நார்ச்சத்தே இல்லாத உணவைத் தொடர்ந்து கொடுத்தார்கள். நார் கிடைக்காத கிருமிகள் சளிப்படலத்தை அரித்து மெல்லியதாக்கிவிட்டன. அதன்பின் நோய்க்கிருமியைச் செலுத்தியபோது அந்த எலிகள் கடும் குடல் அழற்சிக்கு உள்ளாயின. நான் இதைப் படித்தபோது கவனித்தது, அந்த எலிகள் பட்டினி கிடக்கவில்லை என்பதைத்தான். அவை வயிறார உண்டன. உணவில் நார்தான் இல்லை. குடலின் கணக்குப்படி, மூன்று வேளையும் ஜவ்வரிசியும் மைதாவும் உண்பவர்தான் கிருமிகளைப் பட்டினி போடுகிறார். ஒரு பகல் உண்ணாமலிருந்து மறுநாள் கீரையும் பருப்பும் உண்பவர் அவ்வாறு செய்வதில்லை.

அகத்திக்கீரைப் பாரணையிலும் நோன்புக் கஞ்சியிலும் கிருமிகளுக்கு என்ன கிடைக்கிறது? கீரையின் நார், பாசிப்பருப்பின் செரிக்காத மாவு, நெல்லியின் துவர்ப்புப் பொருள்கள், வெந்தயத்தில் உள்ள கரையும் நார், பூண்டின் ஃபிரக்டான்கள் என்னும் நார். பிந்தைய இரண்டையும் பாக்டீரியாக்கள் விரும்பி நொதிக்கச் செய்கின்றன. உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன்கள், பிஃபிடோபாக்டீரியா என்னும் நன்மை தரும் குடல் இனத்தை ஒடுக்குகின்றன என்பதைக் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில், கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவை வைத்துக் காட்டினார்கள். நீண்ட பட்டினியிலும் கீட்டோன் கூடுகிறது. அதன்பின் ஃபிரக்டான் உள்ள பூண்டு வந்து சேர்வது அந்த இனத்துக்கு ஏற்ற உணவு. என்னைக் கேட்டால், விரதத்தின் பலனில் பாதிக்கு மேல் விரதம் முடிக்கும் உணவில் இருக்கிறது. பெர்லின் ஆய்வில் கிடைத்ததும் நோன்பும் அதன்பின் வந்த உணவும் சேர்ந்து தந்த பலன்தான்.

பதிவு 9 | எண்ணெழுத்து

கடைசி இரண்டு வரிகளில் சகோதரியோடு மாறுபடுகிறேன். பெர்லினில் இரு பிரிவினருமே அந்த நல்ல உணவைத்தான் உண்டார்கள். ஆகவே பிரிவுகளுக்கு இடையே தெரிந்த வேறுபாடு நோன்பால் வந்தது, உணவால் வந்ததன்று. நோன்பு முடிக்கும் உணவின் பங்கை அறிய வேண்டுமென்றால், எல்லோரும் ஒரே நோன்பு இருக்க வேண்டும். பாதிப் பேர் கஞ்சியோடும் கீரையோடும், பாதிப் பேர் சமோசாவோடும் சர்பத்தோடும் முடிக்க வேண்டும். ரமலான் மாதத்தில் தமிழகத்திலேயே இதைச் செய்யலாம். பள்ளிவாசல்களில் ஒரே கொப்பரையில் காய்ச்சும் கஞ்சி, ஒரே நேரம், மாதம் முழுவதும் ஒரே ஒழுங்கு. இவ்வளவு சீரான ஏற்பாடு எந்த ஆய்வாளருக்கும் எளிதில் வாய்க்காது. பாக்டீரியாவின் மொத்த எண்ணிக்கையையும் சேர்த்து அளக்க வேண்டும் என்பது என் பழைய நிபந்தனை.

பதிவு 10 | நுண்ணோக்கி

ஏற்கிறேன், நண்பரே, பெர்லின் ஆய்வு நோன்பின் பங்கைத்தான் பிரித்துக் காட்டுகிறது. ‘பாதிக்கு மேல்’ என்பது புக்கிங்கர், ரமலான், மிச்சிகன் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து நான் எட்டிய கருத்து. நோன்புக்குப் பின் கிருமிகள் மீள்வது எந்த உணவால் விரைவுபடுகிறது என்பதை நீங்கள் சொன்ன முறையில் சோதித்தால், அதில் மாதிரிகளைப் பிரித்துப் படிக்கும் வேலையை நான் மகிழ்ச்சியோடு ஏற்பேன்.

பதிவு 11 | வைகைக்கரையான்

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மருத்துவர் ஐயா, ஒன்றே ஒன்று. அம்மா மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் உட்கொள்கிறார். அண்மையில் டாபாகிளிஃப்ளோசினும் சேர்த்திருக்கிறார்கள். வரும் ஏகாதசிக்கு அவரை இருக்கவிடலாமா? விட்டுவிடு என்று சொன்னால் மனம் உடைந்துவிடுவார்.

பதிவு 12 | பொருநை மருத்துவர்

ஐயா, அம்மாவின் வயதும் சிறுநீரகத்தின் நிலையும் தெரியாமல் ஆம், இல்லை என்று நான் சொல்லக் கூடாது. அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

மூன்று மாத்திரைகளில் மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை அபாயமான அளவுக்குத் தாழ்த்துவது அரிது. கிளிமிபிரைடு அப்படியன்று, அது உணவு வந்தாலும் வராவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். வழக்கமான அளவை விழுங்கிவிட்டு உண்ணாமல் இருந்தால் சர்க்கரை சரிந்து மயக்கம் வரலாம். டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவது. பட்டினியும் நீரிழப்பும் சேர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகக்கூடும். குளுக்கோமீட்டரில் சர்க்கரை சாதாரணமாகத் தெரியும்போதே இது நேரக்கூடியது என்பதால் வீட்டில் யாருக்கும் பிடிபடாது. குமட்டல், வயிற்று வலி, மூச்சு வாங்குதல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விரதத்துக்கு எத்தனை நாள் முன்பு எந்த மாத்திரையை நிறுத்துவது, எதன் அளவைக் குறைப்பது என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ரமலான் நோன்புக்கு என்று உலக அளவில் வகுத்துள்ள வழிகாட்டுதல் ஏகாதசிக்கும் பொருந்தும். சர்க்கரை 70க்குக் கீழே போனாலும் 300க்கு மேலே ஏறினாலும், அந்த நிமிடமே விரதத்தை முடித்துவிட வேண்டும். பாரணை நேரம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதை மார்க்க அறிஞர்களே சொல்கிறார்கள் என்று காயல்வாசி அவர்களும் அறிவார். தண்ணீரும் அருந்தாமல் முழு நிர்ஜலமாக இருப்பதை மட்டும் அம்மா கைவிடட்டும். தண்ணீரும் நீர்மோரும் அருந்தி, பகலில் ஒரு வேளை சுண்டலோ, காய்கறி சேர்த்த கோதுமை ரவை உப்புமாவோ உண்டு விரதம் இருக்க அவர் இசைந்தால், பெரும்பாலான மருத்துவர்கள் அதற்கேற்ப மாத்திரையை மாற்றித் தந்துவிடுவார்கள். போகும்போது மாத்திரை அட்டைகளையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும், கடைசியாக எடுத்த கிரியாட்டினின் அறிக்கையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.